காதை மூட மறுத்த பங்கஜவல்லி அம்மையார்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலில் காலைப் பூசை முடிந்து திருநீற்றுப் பொட்டலத்துடன் வீடு திரும்பியபோது, நூல் வியாபாரி சண்முகம் என் வாசலில் நின்றிருந்தார். சைக்கிளை நிறுத்தவும் தோன்றாமல் அதை இடுப்பில் சாய்த்துப் பிடித்திருந்தார். அவர் பங்கஜவல்லி அம்மையாரின் தங்கை கணவர்.

"அக்கா பூட்டாங்க ஐயா" என்றார். "காலைல காபி குடிச்சிட்டு எப்பவும் போல ரேடியோ மெஷினாண்ட உக்காந்திருக்காங்க. எங்க வூட்ல டிபன் எடுத்துகினு போயிருக்குது. மெஷினு பாட்டுக்கு ஓடிகினு இருக்குது. அவங்க நாற்காலில சாஞ்சாப்புல இருந்தாங்களாம்."

பொட்டலத்தைப் பிரித்து அவர் நெற்றியிலும் என் நெற்றியிலும் இட்டுவிட்டு, அப்படியே அவருடன் புறப்பட்டேன். ஆரணியில் அம்மையாரை அறியாதவர் குறைவு. வழியனுப்ப வந்தவர்கள் நிறையவே இருந்தார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது. எரியூட்டிவிட்டுத் திரும்பும் வழியில்தான் அந்தப் பேச்சு என் காதில் விழுந்தது. பட்டு வியாபாரி மாணிக்கவேலு, பக்கத்தில் வந்தவரிடம் சொன்னார்: "ஊர்ப் பேச்செல்லாம் கேட்டுகினு இருந்த காது. இனிமேலாவது நிம்மதியா தூங்கட்டும்." இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் சிரிக்கும் அடங்கிய சிரிப்பு.

அவரை அறிந்தவர்களே, இந்த அஞ்சலியை அந்தச் சிரிப்புக்கு எதிராகவே எழுதுகிறேன். இறந்தவரைப் பற்றி எழுதும்போது கசப்பானவற்றை விட்டுவிட வேண்டும் என்று எனக்கும் தெரியும். அவற்றை விட்டுவிட்டு எழுதினால் அம்மையார் இதில் இருக்க மாட்டார். அவர் ஒட்டுக்கேட்டவர் என்கிறீர்கள். கேட்டவர்தான். அதை நான் மறுக்கப் போவதில்லை. அவரும் மறுத்ததில்லை.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அவர் நம் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தார். கட் கட் என்ற அந்தக் கருவியின் முன்னால் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, வலக்கை விரல் நுனியில் ஊரின் நல்லதையும் கெட்டதையும் அனுப்பிக்கொண்டும் வாங்கிக்கொண்டும் இருப்பார். பெங்களூரில் பட்டு நூல் விலை ஏறியது, இறங்கியது, லாரி புறப்பட்டது, சரக்கு திரும்பியது, மாமனார் காலமானார், பெண் குழந்தை பிறந்தது, இவையெல்லாம் முதலில் அறிந்தவர் அவர். தந்தியைப் படிக்காமல் அடிக்க முடியாது. ஆகவே ஊரார் அனைவரது செய்தியையும் அவர் படித்தார். ஒருவர் செய்தியும் அவர் வாயிலிருந்து இன்னொருவருக்குப் போனதில்லை.

நான் என் தமக்கை வீட்டுக்குத் தந்தி கொடுக்கப் போயிருந்த ஒரு நாள், மாணிக்கவேலு அங்கே வந்தார். அப்போது அவர் இளைஞர். தகப்பனார் கடையை அப்போதுதான் கையில் எடுத்திருந்தார். சன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, "அக்கா, எதிர்க்கடைக்கு பெங்களூர்லேருந்து தந்தி வந்துச்சாமே. விலை ஏறுதா எறங்குதான்னு மட்டும் ஒரு தலைய ஆட்டுங்களேன். வாயே தொறக்க வாணாம்" என்றார்.

அம்மையார் தலையை ஆட்டவுமில்லை, நிமிர்த்தவுமில்லை. "தம்பி, உன்னுதும் இந்தக் கையாலதான் வருது. நாளைக்கு எதிர்க்கடைக்காரரு வந்து இதே கம்பில நெத்திய வெச்சா, உன்னுதுக்கு ஆட்டிடவா?"

மாணிக்கவேலு கம்பியிலிருந்து நெற்றியை எடுத்தார். அதில் கம்பியின் அச்சு சிவப்பாகப் பதிந்திருந்தது. அம்மையார் அதைப் பார்த்துவிட்டு, "நெத்தில நல்லா நாமம் விழுந்துகிச்சு, பெருமாள் கோயிலுக்குப் போய்ட்டு வா" என்றார். மாணிக்கவேலுவே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பை இன்று அவர் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

அம்மையார் மணம் செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்டவர்களிடம் "நேரம் கெடைக்கல" என்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் எல்லாரும் அவர் காசிக்குப் போவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் சென்னைக்குப் போய்த் தேர்வெழுதி, அமெச்சூர் வானொலி வைத்துக்கொள்ள அரசின் உரிமம் வாங்கி வந்தார். ஹாம் ரேடியோ என்று அதைச் சொல்வார்கள். வணிகத்துக்கன்றி விருப்பத்துக்காக, தம் வீட்டிலிருந்தபடியே வானொலி அலையில் ஊர் ஊராகத் தொடர்பு கொள்பவர்களின் கூட்டம் அது. மாணிக்கவேலுவின் வீடு ஒன்றில்தான் அவர் அப்போது வாடகைக்கு இருந்தார். மொட்டைமாடியில் ஏரியல் கம்பம் எழுந்தது.

"யாரோடம்மா பேசப் போகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"யாரு பதில் சொல்றாங்களோ அவங்களோட. நீங்க தெனம் கோயில்ல பாடறீங்களே புலவரே, உங்களுக்குப் பதில் வந்துகினா இருக்குது? நான் உங்களவிட தேவல. எனக்கு அப்பப்ப வருது."

இப்படி என்னிடம் பேச உரிமையுள்ளவர் ஊரில் அவர் ஒருவரே. நான் சொற்பொழிவு செய்பவன், ஏட்டுத் தமிழில் ஊறியவன் என்பதெல்லாம் அவரைத் தடுத்ததில்லை.

எண்பதுகளின் பிற்பகுதியில் அவர் வீட்டுக்குப் புதிதாக ஒரு சிறு பெட்டி வந்தது. வானொலிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உட்காரும் பெட்டி. தட்டச்சுச் செய்வதைத் துண்டு துண்டாகப் பொட்டலம் கட்டி அலையில் அனுப்பும். வரும் பொட்டலங்களைப் பிரித்துத் திரையில் எழுத்தாகக் காட்டும். பாக்கெட் ரேடியோ என்று பெயர். "தந்தி மறுபடியும் பொறந்து வந்திருக்குது" என்று எனக்குச் சொல்லி அனுப்பினார். ஒரு பிற்பகல் போய்ப் பார்த்தேன்.

திரையில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வரியின் தலைப்பிலும் அனுப்பியவரின் அழைப்புக் குறி, அதை அடுத்துப் பெறுபவரின் குறி, பிறகு செய்தி. "இப்ப எல்லாத்தையும் தொறந்து வெச்சிருக்கேன். இத அப்படியே வுட்டா சந்தைல நின்னாப்புல இருக்கும். நமக்கு ஏத்தாப்புல கட்டணும்" என்று சொல்லி, ஒவ்வொரு கட்டளையாகத் தட்டத் தொடங்கினார். பிறர் அனுப்புவதைத் திரையில் காட்டவேண்டுமா வேண்டாமா என்பது முதல் கட்டளை. காட்டு என்றார். யாருடையதைக் காட்ட வேண்டாம் என்று பெயர் சொல்லி விலக்கலாம் என்பது இன்னொன்று.

"இந்த ஆளப் பாருங்க. 'நான் இருக்கேன், நான் இருக்கேன்'னு சும்மா சும்மா அனுப்பிகினே கெடப்பாரு. பேஜார். இவர மட்டும் மறைச்சிடறேன்." மறைத்தார். திரை சற்று அமைதியானது. சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாவம், யாருமே பதில் சொல்லலியோ இன்னாவோ" என்று மறுபடியும் அவரைத் திறந்துவிட்டார்.

தாம் ஒருவருடன் தொடர்பில் இருக்கும்போது மற்றவர்களின் வரிகள் நடுவில் வந்து கலக்கலாமா என்று ஒரு கட்டளை கேட்டது. அதற்கு மட்டும் கூடாது என்று தட்டினார். "ஒருத்தரோட பேசும்போது காது அவருக்குத்தான்" என்றார்.

கடைசியாக வந்ததுதான் பின்னாளில் ஊரைக் கூட்டிய கட்டளை. எல்லாருக்கும் பொதுவாக அனுப்பப்படும் அறிவிப்புகளை மட்டும் காட்டினால் போதுமா, இருவர் தமக்குள் தொடர்பு கொண்டு பேசுவதையும் காட்டவேண்டுமா என்பது அது. அவர் விரல் அங்கே நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நம் பழைய அகப்பாட்டுகளில் சிறைப்புறம் என்று ஒரு துறை உண்டு. தோழி தலைவியிடம் பேசுகிறாள். வேலிக்கு அப்பால் தலைவன் வந்து நிற்பது அவளுக்குத் தெரியும். சொல்வது தலைவியிடம், கேட்க வேண்டியவன் அவன். வேலிப்புறம் நின்று கேட்பவனை நம் முன்னோர் திருடன் என்று எழுதவில்லை. கேட்ட பிறகு அவன் என்ன செய்கிறான் என்பதைத்தான் அந்தப் பாட்டுகள் கேட்டன. வெட்டவெளியில் அனுப்பப்படும் பேச்சும், நடுவில் பலர் நிற்கிறார்கள் என்று தெரிந்தே அனுப்பப்படுவதல்லவா?

"அப்ப நான் வேலிக்கு வெளிய நிக்கற ஆம்பளையா?" என்று கேட்டுவிட்டு, அந்தக் கட்டளையைத் திறந்து வைத்தார். "பரவால்ல, நல்ல எடம்தான். வெயிலு மட்டும் ஜாஸ்தி."

பிறகு கூறியதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "காத மூடிக்கறது அடக்கம் இல்ல புலவரே. எல்லாத்தையும் கேட்டுட்டு வாய மூடிகினு இருக்கறது இருக்குதே, அதுக்குத்தான் பழக்கம் வேணும்."

சில மாதங்கள் கழிந்தன. ஒருநாள் முற்பகலில் திரையில் ஒரே பொட்டலம் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்ததை அவர் பார்த்தார். பெங்களூரிலிருந்து ஒருவர் சென்னையிலிருக்கும் மற்றொருவருக்கு அனுப்பிய செய்தி. கிடைத்தது என்ற ஒப்புதல் சென்னையிலிருந்து வராததால், பெட்டி தானாகவே அதை மீண்டும் மீண்டும் அனுப்புகிறது. பெங்களூருக்கும் சென்னைக்கும் நடுவில் நம் ஊர். இரு பக்கமும் அம்மையாருக்குத் தெளிவாகக் கேட்கிறது. அவர்களுக்குத்தான் ஒருவரையொருவர் கேட்கவில்லை. அவர் பெங்களூர்க்காரரைத் தம்முடன் இணைத்துச் செய்தியை வாங்கி, சென்னையோடு இணைந்து அதைக் கொடுத்து, பதிலை வாங்கித் திருப்பி அனுப்பினார். அந்தக் கட்டளையை மூடி வைத்திருந்தால், ஒரு மனிதர் திரும்பத் திரும்பக் கூப்பிடுவது அவர் திரையில் தெரிந்திருக்காது.

இவையெல்லாம் எனக்கு அன்று தெரியாது. அடுத்த வாரம் சீனிவாசன் என்ற பெங்களூர் வங்கி அதிகாரி ஒருவர், பை நிறையப் பழத்துடன் நம் ஊருக்கு வந்து, கடைத்தெருவில் மாணிக்கவேலுவின் கடையிலேயே அம்மையார் வீட்டுக்கு வழி கேட்டார். அம்மையாரைப் பார்த்ததும் அந்த மனிதர் கும்பிட்ட கையை இறக்கவில்லை. நான் அங்கே இருந்தேன். "உக்காருங்க, மோர் சாப்பிடுங்க" என்று அம்மையார் மோரை நீட்டினார். வந்தவர் போனபின் என்ன செய்தி என்று கேட்டேன். "போய்ச் சேர்ந்துடுச்சு" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது.

ஊர் அதற்குள் வேறு முடிச்சுப் போட்டுவிட்டது. பெங்களூர்க்காரர் வந்து போன அதே வாரம் பட்டு நூல் விலை ஏறியது. ஏறுவதற்குச் சற்று முன்னால் சண்முகம் நூல் வாங்கி வைத்திருந்தார். முள்ளிப்பட்டு நெசவாளர்கள் கல்யாண முகூர்த்தத்துக்கு வேலை எடுத்திருந்ததால் அவருக்கு நூல் தேவைப்பட்டது. அதை யாரும் கேட்கவில்லை. மச்சினர் முன்கூட்டி வாங்குகிறார், அக்கா வீட்டு மாடியில் கம்பம் நிற்கிறது, பெங்களூரிலிருந்து ஆள் பழத்தோடு வருகிறார். வியாபாரிகள் டிரங்க் காலில் வெளியூருக்குப் பேசும் விலையை அந்தப் பெட்டி பிடித்துத் தருகிறது என்று முடிவு கட்டினார்கள். அந்தப் பெட்டிக்குத் தொலைபேசி கேட்காது என்று சொன்னவர்கள் பேச்சு எடுபடவில்லை. யாரோ மனுவும் அனுப்பினார்கள். அதிகாரி ஒருவர் வந்து கருவிகளைப் பார்த்துக் குறையில்லை என்று சொல்லிப் போனார். அதுவும் எடுபடவில்லை.

அம்மன் கோயில் மண்டபத்தில் வியாபாரிகள் கூடினார்கள். அம்மையாரையும் அழைத்தார்கள். வந்தார். நடுவில் போட்டிருந்த நாற்காலியில் உட்காராமல், தூணருகில் பெண்களோடு சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"பெங்களூர்க்காரரு இன்னாத்துக்கு வந்தாரு?" என்று மாணிக்கவேலு தொடங்கினார்.

"நன்றி சொல்ல."

"எதுக்கு நன்றி?"

"ஒரு சேதி போய்ச் சேரல. சேத்து வெச்சேன்."

"இன்னா சேதி?"

"அவரோட சேதி."

"அதான் இன்னா சேதின்னு கேக்கறோம்க்கா. நூல் விலை இல்லன்னா சொல்றதுல இன்னா இருக்குது? சொல்லிட்டீங்கன்னா இப்பவே எழுந்து போய்ட்டே இருப்போம்."

"அதச் சொல்லிட்டா நான் யாருன்னு ஆவும்? அடுத்தவங்க சேதிய வெளிய சொல்றவன்னு ஆவும். அதத்தான நான் பண்றேன்னு கூட்டம் போட்டிருக்கீங்க? நான் பண்ணலன்னு காட்டறதுக்கு உங்க முன்னாலயே பண்ணிக் காட்டணுமா?"

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு எழுந்தது. மாணிக்கவேலுவின் முகம் கறுத்தது. அவருடைய மருமகன் சென்னையில் கம்ப்யூட்டர் படித்தவர். அவர் எழுந்து இதமாகவே சொன்னார்: "அம்மா, அந்தப் பொட்டில ஒரு செட்டிங் இருக்குது. ரெண்டு பேரு பேசிக்கறத காட்டாதன்னு போட்டா காட்டாது. அத மட்டும் மூடிடுங்க. உங்க ரேடியோ உங்களுக்கு, எங்க நிம்மதி எங்களுக்கு."

கூட்டத்தில் பலர் தலையசைத்தார்கள். எளிய வழிதான். ஒரு சொல் தட்டினால் முடிந்துவிடும். அம்மையார் அவரைப் பார்த்துப் பேசினார்.

"தம்பி, நீ படிச்ச புள்ள. உங்க தெருவுல பக்கத்து வூட்டுத் தறி நின்னுபோனா உங்க அம்மா இன்னா பண்ணுவாங்க? 'இன்னாடி தறி சத்தத்தையே காணோம், ஒடம்பு சரியில்லியா'ன்னு போய் எட்டிப் பாப்பாங்க இல்ல? தெனம் அந்தச் சத்தத்த கேட்டுகினு இருந்ததாலதான நின்னது தெரிஞ்சுது? உங்கம்மா ஒட்டுக்கேட்டாங்கன்னு யாராவது கூட்டம் போட்டாங்களா?" வலக்கையை நீட்டிக் காட்டினார். "உங்க மாமனாரு தந்தியெல்லாம் இந்தக் கைல வந்துது. அப்ப கண்ண கட்டிகினா அடிச்சேன்? அப்ப நம்பினீங்க. இப்ப காத அடைச்சிகினாத்தான் நம்புவேன்னா, அந்த நம்பிக்கை எனக்கு வாணாம். மூட மாட்டேன்."

இதன்மேல் யாரோ, "அப்படின்னா கற்பூரம் ஏத்துங்க. அம்மாள் முன்னால, எதையும் கேக்கலன்னு சத்தியம் பண்ணட்டும்" என்றார். நம் ஊரில் வழக்குத் தீராதபோது இதுதான் முடிவு. எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சொல்லிவிட்டால் அதற்குமேல் எவரும் கேட்கமாட்டார்கள். தட்டை ஏந்த என்னை அழைத்தார்கள். அம்மையார் நூல் விலையைக் கேட்கவில்லை என்று அணைத்துச் சொல்லியிருக்கலாம்; அது உண்மை. ஆனால் அவர்கள் வேண்டியது எதையும் கேட்கவில்லை என்ற சொல். "கேக்கலன்னு சொல்ல மாட்டேன். கேட்டேன். கேட்டுகினுதான் இருப்பேன்" என்றார் அம்மையார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கற்பூரத் தட்டு என் முன்னால் இருந்தது. நான் எழுந்து நின்று சொன்னேன்: "தெய்வத்தின் முன் கற்பூரம் ஏற்றுவது எனக்குப் புதிதன்று. இன்று ஏற்ற மாட்டேன். இந்தச் சந்நிதியில் நீங்கள் ஒவ்வொருவரும் வந்து மனத்தில் உள்ளதைச் சொல்லியிருக்கிறீர்கள். அத்தனையையும் கேட்டுவிட்டு, ஒருவர் சொன்னதை மற்றவருக்குச் சொல்லாமல் உள்ளே நிற்பவள் அவள். அவள் முன்னால், கேட்டது குற்றம் என்று ஒரு பெண்ணைச் சொல்ல வைக்க இந்தத் தட்டை நான் ஏந்தினால், நாளை எந்த வாயால் பாடுவேன்? அடியார்கள் தம் இறைவனிடம் வேண்டியதெல்லாம் செவி சாய்க்க வேண்டும் என்பதுதானே."

"புலவரு கட்சி சேந்துட்டாரு" என்றது ஒரு குரல்.

"சேர்ந்துவிட்டேன்" என்றேன்.

கற்பூரம் ஏற்றப்படவில்லை. மாணிக்கவேலு சத்தம் போடவில்லை. "செட்டிங்க மூடுங்க, இல்லன்னா வூட்ட காலி பண்ணுங்க. என் வூட்டு மேல நின்னுகினு என் வியாபாரத்த எவரும் கேக்க வாணாம்" என்று மட்டும் சொன்னார். அம்மையார் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார். "வண்டிக்குச் சொல்லியாச்சு" என்றார். மண்டபத்துக்கு வருவதற்கு முன்பே சொல்லியிருந்தார் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

முள்ளிப்பட்டுச் சாலையில், ஊருக்கு வெளியே, ஓடு வேய்ந்த சிறு வீடு ஒன்றுக்கு அவர் குடிபோனார். கடைத்தெரு வழியாகத்தான் வண்டி போகவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். ஏரியல் கம்பம் வண்டிக்கு முன்னும் பின்னும் நீண்டு ஆடிக்கொண்டு போனது. சண்முகமும் நானும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். வெயில் ஏறியிருந்தது. கடைகளிலிருந்து பார்த்தார்கள். மாணிக்கவேலு கடை முன்னால் வண்டியை நிறுத்தச் சொல்லி, சாவியைத் தாமே இறங்கிக் கொடுத்தார் அம்மையார். "மேல் தண்ணித் தொட்டி ஒழுகுது தம்பி. அடுத்தவங்க வர்றதுக்கு முன்ன பாத்துக்கோ" என்றார். மாணிக்கவேலு சாவியை வாங்கிக்கொண்டு தலைகுனிந்தார். கம்பத்தின் முனை அவர் கடைப் பலகையில் உரசிக்கொண்டு போனது. வேண்டுமென்றே உரசவில்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்; அந்த முனையைப் பிடித்திருந்தவன் நான்.

புது வீட்டில் வானொலி இன்னும் நன்றாகக் கேட்டது. சுற்றிலும் வயல், மறைப்பு இல்லை. பெட்டியை மறுபடி இணைத்து, கட்டளைகளை முதலிலிருந்து தட்டினார். இருவர் பேச்சைக் காட்டும் கட்டளை வந்தபோது, இம்முறை அவர் விரல் நிற்கவில்லை. இடம் மாறியதால் இழந்தவற்றைப் பற்றி அவர் புலம்பியதில்லை. தெருப் பெண்கள் வந்து பேசுவது குறைந்தது, கோயிலுக்கு நடக்கும் தூரம் கூடியது, மூட்டுவலி வந்தது. "அம்மாவ நானே போய் பாத்துகினு இருந்தேன். இப்ப அவங்க வந்து பாக்கட்டும்" என்று சொல்லிக் கோயில் போவதையும் குறைத்துக்கொண்டார். எனக்கு அது பொறுக்கவில்லை. நீங்கள் செய்வது சரியில்லை என்று கடிந்துகொண்டேன். "கோயில்ல எல்லாரும் சாமிய பாக்காம என்னியே பாக்கறாங்க புலவரே. அவங்க பக்திய நான் ஏன் கெடுக்கணும்?" என்றார். இதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நானல்லன். அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் யோசித்துக்கொள்ளட்டும்.

அம்மையார் இறந்த எட்டாம் நாள் மாணிக்கவேலு என் வீட்டுக்கு வந்தார். இரங்கல் கூட்டம் நடத்தப் போகிறார்களாம். படம் வைத்து, மாலை போட்டு, நான் பேசவேண்டுமாம். செலவு அவர் பொறுப்பாம். அவர் கெட்ட மனிதரல்லர். கண்ணும் கலங்கியிருந்தது.

"தந்தி ஆபீஸ்ல இருந்தத பேசுங்க. அவங்க நேர்மைய பேசுங்க. அந்தப் பொட்டி விசயம் மட்டும்..." என்று இழுத்தார். "கடைசில அத வுட்டுட்டாங்கன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க ஐயா. அவங்க பேருக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது. செத்தவங்க வந்து இல்லன்னு சொல்லப் போறாங்களா?"

"அதற்குத்தான் நான் இருக்கிறேன்" என்றேன். "கடைசி மூச்சு வரை அது திறந்தே இருந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்த பிறகும் திரையில் வரிகள் ஓடிக்கொண்டிருந்ததைச் சண்முகத்தின் மனைவி பார்த்திருக்கிறாள். நான் மேடை ஏறினால் இதைத்தான் சொல்வேன்."

அதன்பின் இரங்கல் கூட்டத்துக்கு என்னை அழைக்கவில்லை. நல்லது. அங்கே பேச வேண்டியதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பெங்களூரிலிருந்து சீனிவாசன் வந்திருந்தார். நரைத்துவிட்டார். மண்டபத்தில் நடந்ததும், அம்மையார் வீடு மாறியதும் தம் செய்தியால்தான் என்று சண்முகம் சொல்லித்தான் அன்று அறிந்தார். சாப்பிடாமல் இலை முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைத் தனியே அழைத்துப்போய், "எனக்கு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே! அடுத்த வண்டியில் வந்து நானே சொல்லியிருப்பேனே!" என்றார். வேப்பமரத்தடியில் நின்றபடி, அன்று சென்னைக்குப் போய்ச் சேர வேண்டியிருந்த செய்தி என்ன என்பதை முழுவதும் சொன்னார். யாருக்காக, எதற்காக, ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதெல்லாம் சொன்னார். "நீங்கள் எழுதுங்கள் ஐயா. என் பெயரைப் போட்டே எழுதுங்கள். ஊர் வாயடைத்துப் போகட்டும்" என்றார்.

நான் முழுவதும் கேட்டேன். அது நூல் விலையைப் பற்றியதன்று. அதை இங்கே நான்கு வரியில் எழுதினால் போதும். சிரித்தவர்கள் தலைகுனிவார்கள், மாணிக்கவேலு என் வாசலில் வந்து அழுவார், அம்மையாரின் படத்துக்கு அந்த மண்டபத்திலேயே இடம் கிடைக்கும். அப்படிப்பட்ட செய்தி அது.

உரியவரே எழுதச் சொன்னாலும் எழுத மாட்டேன். அந்த மண்டபத்தில், அதைச் சொன்னால் நம்புகிறோம் என்றீர்கள். அவர் சொல்லாமல் வீட்டை விட்டுப் போனார். அவருடைய கருவிகள் சென்னையில் உள்ள நண்பர்களுக்குப் போய்விட்டன. புடவைகளைத் தங்கை எடுத்துக்கொண்டார். அவர் காத்ததில் எனக்கு வந்து சேர்ந்தது அந்தச் செய்தி ஒன்றுதான். அதை நான் கேட்டுவிட்டேன் என்பதை ஊர் அறியட்டும். என்ன என்று கேட்டுக்கொண்டு எவரும் வர வேண்டாம்.